ஒரு வட்டம் ஊர் சுற்றிய கதை

1801இல் லண்டனில் ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. ஐரோப்பிய நாடுகளின் பரப்பு எவ்வளவு, மக்கள் எவ்வளவு, வரி வருவாய் எவ்வளவு என்பதைப் படம் போட்டுக் காட்டிய புத்தகம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, வண்ணம் தீட்டிய படங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வட்டம். நாடு பெரிதென்றால் வட்டமும் பெரிது. அந்த வரிசையில் துருக்கியப் பேரரசின் வட்டம் மூன்று துண்டுகளாகப் பிரிந்து நின்றது. ஆசியாவில் இருந்த நிலம் பச்சை, ஐரோப்பாவில் இருந்தது சிவப்பு, ஆப்பிரிக்காவில் இருந்தது மஞ்சள். இன்று பள்ளிப் பிள்ளைகள் கவராயமும் கோணமானியும் வைத்துப் போடும் வட்ட விளக்கப்படத்துக்கும், அலுவலகக் கூட்டத்தில் திரையில் விழும் பை சார்ட்டுக்கும் மூதாதை அந்தத் துருக்கி வட்டம்தான்.

புள்ளிவிவரப் படங்களில் இதைப் போல விரும்பப்பட்டது வேறில்லை. இதைப் போல வசை வாங்கியதும் வேறில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இந்த வட்டத்துக்கு விடை சொல்லத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: முழுதில் இது எத்தனை பங்கு? அந்தக் கேள்வியோடு வந்தவர்களை அது கைவிட்டதில்லை. வேறு கேள்விகளோடு வந்தவர்களுக்கும் அது சிரித்த முகத்தோடு ஏதோ ஒரு விடை சொல்லியனுப்பியது. வம்பு அங்கேதான் தொடங்கியது.

பிறந்த கை

வட்டத்தைப் பிரித்தவர் வில்லியம் பிளேஃபேர். 1759இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்கு அருகே லிஃப் என்ற ஊரில் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, வளர்த்தவர் அண்ணன் ஜான். பின்னாளில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பெயர் பெற்றவர். வெப்பமானியைத் தினமும் பார்த்துக் குறித்துவைக்கும்படி தம்பியைப் பழக்கியவர் அவர். எண்ணால் சொல்ல முடிந்த எதையும் கோட்டாலும் சொல்லலாம் என்ற பாடம் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. கதிரடிக்கும் இயந்திரம் கண்ட ஆண்ட்ரூ மீக்கிளிடம் தொழில் கற்று, 1777இல் பர்மிங்காமில் நீராவி இயந்திர மேதை ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகச் சேர்ந்தார் பிளேஃபேர். கணக்கு வீட்டிலிருந்தும் வரைகோல் பட்டறையிலிருந்தும் வந்து ஒரே கையில் சேர்ந்தன.

வட்டத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 1786இல், அவர் ஒரு வணிக அட்லஸ் வெளியிட்டிருந்தார். அதில் 44 படங்கள். 43 படங்களில் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதி, கடன் போன்றவை ஆண்டு தோறும் ஏறி இறங்குவதைக் கோடுகள் காட்டின. மிஞ்சிய ஒரு படம்தான் சுவையானது. ஸ்காட்லாந்தின் வணிகத்துக்குப் பல ஆண்டுக் கணக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரையிலான ஓராண்டுக் கணக்கே கையில் இருந்தது. ஆண்டுகள் இல்லாத இடத்தில் கோடு எங்கே ஓடும்? எனவே ஸ்காட்லாந்தோடு வணிகம் செய்த 17 நாடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஏற்றுமதிக்கு ஒரு பட்டை, இறக்குமதிக்கு ஒரு பட்டை என்று வரைந்தார். காலம் இடம்பெறாததால் மற்றப் படங்களை விட இது மட்டம் என்றே அவர் எண்ணினார். இன்று உலகெங்கும் வரையப்படும் பட்டை விளக்கப்படத்தின் முன்னோடி, வரைந்தவரே வேண்டா வெறுப்பாகப் பெற்ற பிள்ளை.

எந்தப் படத்தை எதற்குப் போடுவது என்ற பாடத்தின் முதல் பக்கம் அந்த அட்லஸ்தான். கையில் இருப்பது எந்த வகைக் கணக்கு, அதனிடம் கேட்கப்போவது என்ன என்பதைப் பொறுத்துப் படம் மாறியது. காலம் இருந்தால் கோடு. இல்லாமல் பல பெயர்களை ஒப்பிட வேண்டுமென்றால் பட்டை. 1801இல் மூன்றாவது வகைக் கேள்வி வந்தது. துருக்கிப் பேரரசு ஒன்றுதான். அது மூன்று கண்டங்களில் எப்படிப் பங்குபட்டுக் கிடக்கிறது? ரஷ்யாவுக்கும் இதே கேள்வி எழுந்தபோது ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் போட்டு ஆசியப் பகுதியையும் ஐரோப்பியப் பகுதியையும் பிரித்துப் பார்த்தார். துருக்கிக்கு மையத்திலிருந்து கோடு கிழித்தார். பின்வந்தவர்கள் பெரிதும் எடுத்துக்கொண்டது துருக்கியின் வழியை.

வட்டத்தின் முதல் தவறும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வட்டத்தின் இடப்பக்கமும் ஒரு செங்குத்துக் கோடு மக்கள்தொகையைக் காட்டியது. வலப்பக்கக் கோடு வரி வருவாயை. இரண்டின் உச்சியையும் இணைத்து ஒரு சாய்கோடு. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் மக்கள் மீது வரிச்சுமை கனமா இலேசா என்று தெரியும் என்றார் பிளேஃபேர். ஆனால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிற்பது வட்டத்தின் விட்டம். நாடு பெரிதானால் இடைவெளி அகலும், சாய்வு படுத்துவிடும். ரஷ்யாவின் சாய்வு எத்தனை என்பதை அதன் வரி மட்டுமல்லாமல் அதன் பரப்பும் சேர்ந்தே முடிவுசெய்தது. பரப்பைக் காட்டப் போட்ட வட்டத்தின் மேல் வரிச்சுமை பற்றிய கேள்வியையும் ஏற்றியதன் விளைவு இது.

அந்த 1801 புத்தகத்தின் நீண்ட தலைப்பு, இந்துஸ்தானத்தை ஆளும் அரசுகளையும் இதே முறையில் காட்டுவதாகச் சொல்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். 1805இல் அமெரிக்கா பற்றிய ஒரு பிரெஞ்சு நூலை மொழிபெயர்த்தபோது அந்நாட்டு மாநிலங்களின் பரப்பையும் பிளேஃபேர் ஒரே வட்டத்தில் துண்டுகளாகப் போட்டார். சொந்த வாழ்க்கையில் அவர் தொட்டது துலங்கவில்லை. பாரிஸில் அமெரிக்க நிலம் விற்கும் கம்பெனியில் சேர்ந்து சிக்கலில் மாட்டினார். கடனும் வழக்குமாக அலைந்து 1823இல் லண்டனில் வறுமையில் இறந்தார். படத்தால் கணக்குச் சொல்வதை அன்றைய இங்கிலாந்து பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடல் தாண்டி

பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. அட்லஸ் 1789இலும் வட்டங்கள் இருந்த நூல் 1802இலும் பிரெஞ்சில் வந்துவிட்டன. அரை நூற்றாண்டு கழித்து சார்ல் ஜோசஃப் மினார் என்ற பொறியாளர் கையில் வட்டம் வரைபடத்தின் மேல் ஏறியது. பாலம், கால்வாய், ரயில் பாதை என்று அரசுப் பணியில் காலம் கழித்த மினார், ஓய்வுபெற்ற பிறகே தம் சிறந்த படங்களை வரைந்தார். நெப்போலியனின் படை ரஷ்யாவுக்குள் போய் உருக்குலைந்து திரும்பியதைக் காட்டும் அவரது 1869ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு, 1858இல், அவர் வரைந்தது பாரிஸ் மக்கள் தின்னும் இறைச்சியின் கணக்கு.

பிரான்ஸ் வரைபடத்தில், பாரிஸுக்கு இறைச்சி அனுப்பும் ஒவ்வொரு மாவட்டத்தின் மேலும் ஒரு வட்டம் வைத்தார். அனுப்பிய அளவுக்கு ஏற்ப வட்டத்தின் பரப்பு. வட்டத்துக்குள் மூன்று துண்டுகள்: மாட்டிறைச்சி, கன்றிறைச்சி, ஆட்டிறைச்சி. எங்கிருந்து, எவ்வளவு, எது என்ற மூன்றுக்கும் ஒரே பார்வையில் விடை. பட்டைகளை நாட்டின் மேல் பரப்பியிருந்தால் பக்கத்து மாவட்டத்தை மறைத்திருக்கும். வட்டம் ஒரு புள்ளியின் மேல் அடக்கமாக உட்காரும். வரைபடத்தின் மேல் வட்டம் இன்றும் செல்வாக்கோடு இருப்பதற்கு அந்த அடக்கமே காரணம். ஆனால் ஒரு மாவட்டத்தின் கன்றிறைச்சியையும் இன்னொன்றின் கன்றிறைச்சியையும் கண்ணால் ஒப்பிட்டுச் சரியாகச் சொல்வது கடினம். வட்டங்களின் அளவு வேறு, துண்டு தொடங்கும் இடமும் வேறு. மினாரின் கேள்வி அதுவல்ல என்பதால் அவருக்குக் குறையில்லை.

அதே 1858இல் ஆங்கிலக் கால்வாயின் மறுகரையில் செவிலியர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு வட்டம் வரைந்துகொண்டிருந்தார். கிரீமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் செத்தது எதனால் என்ற கணக்கு. 1855 ஜனவரியில் மட்டும் தொற்று நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். போர்க்காயத்தால் 83 பேர். மற்றக் காரணங்களால் 324 பேர். எதிரியின் குண்டைப் போல 33 மடங்கு உயிரைக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் குடித்திருந்தன. இந்த எண்கள் அமைச்சர்களின் மேசையில் அறிக்கையாகக் கிடந்தால் புரட்டிவிட்டு மூடிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

முழுவட்டத்தையும் பன்னிரண்டு மாதங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தார். ஒவ்வொரு மாதத்துக்கும் 30 பாகை. இறந்தவர்கள் அதிகமான மாதத்தில் துண்டு வெளியே நீண்டது. தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு. பார்க்கப் பிளேஃபேரின் வட்டத்துக்கு உறவு போலத் தெரிந்தாலும் வேலை வேறு. அங்கே கோணம் மாறும், ஆரம் மாறாது. இங்கே கோணம் மாறாது, ஆரம் மாறும். மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதற்குப் பட்டைகளே போதும் என்று இன்றும் வாதாடுவோர் உண்டு. ஆனால் சுழன்று விரியும் அந்த நீலத்தைக் கடந்து போக யாராலும் முடியவில்லை. 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு போய்ச் சாக்கடையையும் தண்ணீரையும் சீர்படுத்திய பிறகு வந்த பன்னிரண்டு மாதங்களுக்குத் தனியாக இரண்டாம் வட்டம் போட்டார். அதில் நீலம் சுருங்கிக் கிடந்தது. சுகாதாரம் செய்த வேலைக்கு அதைவிட நல்ல சாட்சி தேவைப்படவில்லை.

இதற்கு முந்தைய வடிவம் ஒன்றில் அவர் ஆரத்தின் நீளத்தை மட்டும் சாவு எண்ணுக்கு ஏற்ப நீட்டி, முனைகளை இணைத்திருந்தார். ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும்; கண் பார்ப்பதோ பரப்பை. உண்மையே போதுமான அளவு கொடூரமாக இருந்தபோது படம் அதை மேலும் ஊதிக் காட்டியது. நீளத்தைத்தான் பார்க்க வேண்டும், பரப்பை அல்ல என்று திருத்தச் சீட்டு வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த வடிவத்தில் பரப்பே சாவின் அளவைச் சொல்லும்படி ஆரங்களைக் கணக்கிட்டு மாற்றினார். சொல்லவந்த செய்திக்கு ஆதரவாகப் படம் பொய் சொன்னாலும் ஏற்கக்கூடாது என்ற அந்தக் கண்டிப்பு, அவரது புகழ்பெற்ற படத்தை விடவும் உயர்ந்தது. லண்டன் புள்ளியியல் கழகம் அதே ஆண்டில் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

வழக்கு மன்றத்தில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட்டம் அமெரிக்காவில் செல்லப்பிள்ளை. கம்பெனி அறிக்கை, நகராட்சிச் செலவுக் கணக்கு, பத்திரிகை எங்கும் வட்டம். 1914இல் வில்லார்ட் பிரின்டன் என்ற பொறியாளர் புள்ளிவிவரங்களைப் படமாக்கும் முறைகள் பற்றி ஒரு பெரிய கைநூல் எழுதினார். வட்டம் பரவலாக இருப்பதை ஒப்புக்கொண்டு, பங்குகளைக் காட்டப் பட்டையே மேல் என்று தீர்ப்பும் எழுதினார். ஆனால் அது ஒரு பொறியாளரின் அனுபவத் தீர்ப்பு. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதித்தவர் வால்டர் ஈல்ஸ். 1926இல் மாணவர்கள் முன் வட்டங்களையும் பட்டைகளையும் வைத்து, ஒவ்வொரு துண்டும் எத்தனை விழுக்காடு என்று மதிப்பிடச் சொன்னார். விடை அறிஞர்களுக்கு அதிர்ச்சி: வட்டத்தைப் பட்டைக்கு இணையாகவும் அதைவிட நன்றாகவும் மாணவர்கள் படித்தார்கள். அவர் அங்கே பட்டை என்றது ஒரே நீள்பட்டையைத் துண்டுகளாக வெட்டியது; தனித்தனியாக நிற்கும் பட்டைகள் அல்ல. மறு ஆண்டே அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் இதழில் மறுப்புகள் வந்தன. ஃப்ரெடெரிக் கிராக்ஸ்டனும் ராய் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து தங்கள் சோதனையை எழுதினார்கள். பாதி, கால், முக்கால் போன்ற பங்குகளில் வட்டம் ஜெயித்தது. மற்ற இடங்களில் அதற்கு அப்படியொரு மேன்மை இல்லை. கடிகார முகத்தில் கால் மணி, அரை மணியைப் பழகிய கண் 25 விழுக்காட்டையும் 50 விழுக்காட்டையும் யோசிக்காமலே பிடித்துவிடுகிறது. 37 என்றால் தடுமாறுகிறது.

ராய் ஸ்ட்ரைக்கர் என்ற பெயரைப் புகைப்பட வரலாறு படித்தவர்கள் வேறிடத்தில் பார்த்திருப்பார்கள். பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்த அவர்தான் 1935க்குப் பிறகு அமெரிக்க அரசின் வேளாண் மறுவாழ்வுத் துறையில் புகைப்படப் பிரிவை நடத்தியவர். டொரத்தியா லாங் உள்ளிட்டோரை அனுப்பி வறுமையில் வாடிய உழவர் குடும்பங்களைப் படமெடுக்க வைத்தவர். எண்ணை எப்படிக் காட்டினால் மக்கள் பார்ப்பார்கள் என்று ஆராய்ந்தவர் கடைசியில் முகங்களைக் காட்டப் போனார்.

வழக்கு தீராமலே கிடப்பில் போயிற்று. மறுபடி அதைக் கையிலெடுத்தது 1980கள். 1983இல் புள்ளிவிவரப் படங்கள் பற்றிய எட்வர்ட் டஃப்டியின் புகழ்பெற்ற நூல் வந்தது. சிறு எண்ணிக்கையிலான விவரங்களுக்கு ஓர் அட்டவணையே போதும், வட்டம் வேண்டாம் என்பது அவர் கட்சி; ஒன்றே தப்பு, பலவற்றை வரிசையாக வைப்பது அதைவிடத் தப்பு என்றார். மறு ஆண்டு பெல் ஆய்வகத்தின் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மக்கில்லும் அந்தக் கட்சிக்குச் சான்று கொண்டுவந்தார்கள். கண் எதை நன்றாக அளக்கிறது என்று தரவரிசைப்படுத்தினார்கள். ஒரே அளவுகோலின் மேல் புள்ளிகள் நிற்கும் இடம் முதலில். நீளமும் கோணமும் அதற்குக் கீழே. பரப்பு இன்னும் கீழே. கன அளவு அதற்கும் கீழே. நிறத்தின் அடர்த்தி கடைசியில். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளோடு பார்க்கும்போது வட்டத்தைப் படிப்பதில் பிழை ஏறத்தாழ இரு மடங்கு வந்தது. வட்டத்தின் மேல் தீர்ப்பு விழுந்தது போலிருந்தது.

தட்டினால் வட்டம்

அதே வேளையில் வேறொன்றும் நடந்தது. 1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருள் சந்தைக்கு வந்தது. கணக்குத் தாளில் எண்களைப் போட்டு ஒரு பட்டியலிலிருந்து படம் தேர்ந்தெடுக்கலாம்: கோடு, பட்டை, அடுக்குப் பட்டை, எக்ஸ்-ஒய், பை. 1985இல் எக்செல் வந்தது, 1987இல் பவர்பாயிண்ட். அதுவரை வட்டம் போட ஒருவர் மையக்கோணம் கணக்கிட வேண்டும். எண்ணை மொத்தத்தால் வகுத்து 360ஆல் பெருக்க வேண்டும். மொத்தம் என்று ஒன்று இல்லாவிட்டால் கணக்கே நடக்காது. கோணமானி வைத்துப் போட்டவர்கள் தாம் காட்டுவது ஏதோ ஒரு முழுமையின் பங்கு என்பதை மறக்கவே முடியாது. பட்டியலில் ஒரு தட்டுத் தட்டினால் வட்டம் விழும் என்றானபோது அந்தக் காவல் போய்விட்டது. அறிஞர்கள் வட்டத்தைக் கண்டித்த அதே ஆண்டுகளில், தொழிற்சாலை வேகத்தில் அது பெருகியது.

பெருகியதோடு உருவமும் மாறியது. தடிமன் கொடுத்து, சாய்த்து, பளபளப்பு ஏற்றிய முப்பரிமாண வட்டம் வந்தது. சாய்த்த வட்டத்தில் நமக்கு அருகே உள்ள துண்டு பெரிதாகத் தெரியும். அதன் பக்கச் சுவரும் சேர்ந்து தெரிவதால் நிறம் இன்னும் அதிகமாகக் கண்ணில் படும். 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய வட்டம் ஒன்று இதற்குப் பாடநூல் உதாரணமாகிவிட்டது. அமெரிக்க ஸ்மார்ட்ஃபோன் சந்தையில் ஆப்பிளின் பங்கு 19.5 விழுக்காடு, 'மற்றவை' 21.2 விழுக்காடு. படத்தில் முன்னால் நின்ற 19.5, பின்னால் நின்ற 21.2ஐ விடப் பெரிதாகத் தெரிந்தது. எண் பக்கத்திலேயே எழுதியிருந்தது. பொய் எண்ணில் இல்லை.

2009இல் சிகாகோவில் ஒரு தொலைக்காட்சி நிலையம் அதையும் தாண்டியது. அதிபர் தேர்தலுக்கு யாரையெல்லாம் ஆதரிப்பீர்கள் என்று கேட்டதற்கு ஒருவருக்கு 70 விழுக்காடு, இன்னொருவருக்கு 63, மூன்றாமவருக்கு 60. ஒருவரே பலருக்கு ஆதரவு சொல்லக்கூடிய கேள்வி, எண்களில் தவறில்லை. ஆனால் அவற்றை ஒரே வட்டத்தில் போட்டு 193 விழுக்காட்டுக்கு ஒரு முழுமையை உண்டாக்கினார்கள். மூன்று பட்டைகள் போட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

மேல்முறையீடு

வட்டத்துக்காக வாதாட ஆள் வந்தது 1991இல். இயன் ஸ்பென்ஸும் ஸ்டீஃபன் லெவன்டாவ்ஸ்கியும் கேள்வியை மாற்றிச் சோதித்தார்கள். ஒரு துண்டை இன்னொரு துண்டோடு ஒப்பிடச் சொல்லாமல், இந்த இரண்டும் சேர்ந்தது பெரிதா, அந்த இரண்டும் சேர்ந்தது பெரிதா என்று கேட்டார்கள். இப்போது வட்டம் பட்டைகளை முந்தியது. தனித்தனியாக நிற்கும் பட்டைகளை மனத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பார்ப்பது கடினம். வட்டத்திலோ ஒட்டி நிற்கும் துண்டுகள் ஏற்கெனவே கூடித்தான் இருக்கின்றன.

கூட்டணி பேசும் தமிழ்நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடையாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்கள். திமுக 133, காங்கிரஸ் 18, விசிக 4, இரு பொதுவுடைமைக் கட்சிகளும் ஆளுக்கு 2. எதிரணியில் அதிமுக 66, பாமக 5, பாஜக 4. ஓர் அணியின் கட்சிகளை அடுத்தடுத்து வைத்து வட்டம் போட்டால் 159 ஒரு பக்கம், 75 மறுபக்கம். பாதிக் கோட்டை யார் தாண்டினார், எவ்வளவு தாண்டினார் என்பது கணத்தில் தெரிகிறது. திமுகவின் துண்டு மட்டுமே பாதியைக் கடந்துவிட்டதும் தெரிகிறது. இங்கே முழுமை இருக்கிறது, பங்கு இருக்கிறது, பாதி என்ற எல்லைக்குச் சட்டப்படியே பொருள் இருக்கிறது. அதே தேர்தலில் திமுக பெற்ற வாக்கு 37.7 விழுக்காடு, இடம் ஏறத்தாழ 57 விழுக்காடு. வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள அந்த இடைவெளியைக் கட்சிவாரியாகக் காட்ட நினைத்து இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் வைத்தால் வாசகர் கழுத்தை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதற்குச் சோடி சோடியாகப் பட்டைகள் வேண்டும்.

2016இல் வந்த ஓர் ஆய்வு வழக்கின் அடித்தளத்தையே அசைத்தது. வட்டத்தைக் கண் கோணத்தால்தான் படிக்கிறது, கோணத்தை அளப்பதில் கண் மோசம் என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். ட்ரூ ஸ்காவும் ராபர்ட் கொசாராவும் வட்டத்தின் வெளிவில், பரப்பு, கோணம் மூன்றையும் பிரித்துத் தனித்தனியே காட்டிப் பார்த்தார்கள். கோணம் மட்டும் இருந்த படத்தைத்தான் மக்கள் மோசமாகப் படித்தார்கள். நடுவில் ஓட்டை போட்ட டோனட் படத்தில் மையக் கோணமே மறைந்துவிடுகிறது. ஆனாலும் முழு வட்டத்தைப் போலவே அதையும் படித்தார்கள். பிறந்து இருநூறு ஆண்டுகள் கடந்த பிறகும் இந்த வட்டத்தைக் கண் எப்படிப் படிக்கிறது என்ற விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு ரூபாய், மூன்று கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் மத்திய பட்ஜெட் அன்று இந்த வட்டம் புது டெல்லிக்கு வருகிறது. அரசுக்கு ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பட்ஜெட் ஆவணமே இரண்டு வட்டங்கள் போடுகிறது. மறுநாள் தமிழ் நாளிதழ்களிலும் அதைப் பார்க்கலாம். 2024 ஜூலையில் தாக்கலான பட்ஜெட்டின்படி, ஒரு ரூபாய் வரவில் கடனும் பிற பொறுப்புகளும் 27 காசு, வருமான வரி 19, ஜிஎஸ்டி 18, கார்ப்பரேட் வரி 17, வரி அல்லாத வருவாய் 9, கலால் வரி 5, சுங்க வரி 4, கடன் அல்லாத மூலதன வரவு 1. கூட்டினால் நூறு காசு.

அரசின் ரூபாயில் கடன் எவ்வளவு என்பது உங்கள் கேள்வியானால் வட்டத்தை விட நல்ல படம் இல்லை. 27 காசு என்பது செங்கோணத்தைக் கொஞ்சம் தாண்டிய துண்டு. கால் ரூபாய்க்கு மேல் கடன் என்பதைப் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

தனிமனிதர் கட்டும் வருமான வரி அதிகமா, கம்பெனிகள் கட்டும் வரி அதிகமா என்பது கேள்வியானால் அதே வட்டம் கைவிரித்துவிடும். 19, 18, 17 காசுக்கான துண்டுகளின் கோணம் முறையே 68.4, 64.8, 61.2 பாகை. இந்த மூன்றில் எது பெரிது என்று எண்ணை மறைத்துவிட்டுக் கேட்டால் யாராக இருந்தாலும் திணறுவார்கள். பெரியதிலிருந்து சிறியதாக எட்டுப் பட்டைகளை அடுக்கினால் வரிசை தானே பேசும்.

அரசு கடனை நம்பியிருப்பது கூடுகிறதா குறைகிறதா என்பது மூன்றாவது கேள்வி. முந்தைய ஆண்டான 2023-24 பட்ஜெட்டில் கடனின் பங்கு 34 காசு. இரண்டு ஆண்டென்றால் இரண்டு எண்களைச் சொன்னாலே போதும், படம் எதற்கு? பத்து ஆண்டுகளைப் பார்க்க வேண்டுமென்றால் பத்து வட்டங்கள் யாருக்கும் உதவாது. ஒரே ஒரு கோடு, ஆண்டு தோறும் ஒரு புள்ளி; 1786இல் பிளேஃபேர் போட்ட அதே வகைக் கோடு.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் எண்கள் எட்டும் மாறவில்லை. மாறியது அவற்றிடம் கேட்டது மட்டுமே. மென்பொருள் எண்களைப் பார்த்துப் படத்தைப் பரிந்துரைக்கிறது. அதற்குத் தெரிந்தது எண்கள்தான். படத்தின் தலைப்பை முதலில் ஒரு கேள்வியாக எழுதிப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 'எத்தனை பங்கு' என்று அது முடிந்தால், துண்டுகள் நான்கைந்துக்கு மேல் போகாமலும் கூட்டினால் நூறு வருவதாகவும் இருந்தால், தயங்காமல் வட்டம் போடலாம். 'எது பெரிது' என்றால் பட்டை. 'எப்படி மாறியது' என்றால் கோடு. கேள்வியே எழுத வரவில்லை என்றால் எந்தப் படமும் வேண்டியதில்லை. அட்டவணையோடு நிறுத்திக்கொள்வது வாசகருக்குச் செய்யும் மரியாதை.